தங்கசாமி கோபப்படாத விஷயம்

அத்தியாயம் 7

குமாரபாளையத்தில் பேச்சு என்றாலே கத்தல்தான். விசைத்தறி ஓடுகிற கொட்டகைக்குள் புருஷன் பெண்டாட்டியிடம் காபி கேட்பதைக்கூடத் தெருக்கோடியில் இருக்கிறவன் கேட்டுவிடலாம். அதனால் துப்பறியும் தமிழினி அங்கே போய்க் கத்தியதில் தப்பே இல்லை. அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ தறிகளை நிறுத்திவிட்டார்கள், அதுதான் வம்பாகிப் போனது.

"நம்பிப் பேசின பொம்பளையை அவங்க தம்பிகிட்டயே காட்டிக் குடுத்திருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு?"

அந்தக் கேள்வி கொட்டகை முழுக்கக் கேட்டது. நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். கையில் எண்ணெய்த் துணியோடு நின்ற குமரகுரு, தன் மகன் கௌசிக்கைப் பார்த்தார். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன், இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவன். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலைங்க" என்றான்.

"அப்புறம் எதுக்கு அந்த ஊருக்கு அத்தனை போன் போட்டிருக்கே?"

"பூவாத்தாக்காவுக்குத்தானுங்க. டைப் பண்ணினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன். அவங்க சொன்னது சொன்னபடி வந்திருக்கான்னு கேக்கறதுக்கு."

"நல்லாக் கதை விடறே" என்றாள் தமிழினி, கொட்டகைக்கே கேட்கும்படி.

குமரகுரு எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தமிழினிக்குத் தோன்றியது. தோன்றியதை உதறிவிட்டுக் காரில் ஏறினாள். தொழில் என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியாது என்பது அவள் கொள்கை. கொள்கைகள் காலையில் தெம்பாகத்தான் இருக்கும்.

காரை ஓட்டியது குணசீலன். முன்பு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். இப்போது தமிழினியின் உதவியாளன். சூரமங்கலத்தில் பரோட்டாக் கடைக்கு மேலே இருக்கிறது அவர்கள் ஆபீஸ். வருகிற கேஸில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா, இந்த மாதிரி. ஆராய்ச்சிக் கேஸ் இதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒரு சந்தேகமுங்க மேடம்" என்றான் குணசீலன், சங்ககிரி தாண்டியதும். "ஏரியில தண்ணி இல்லீங்கறதைக் கண்டுபிடிக்க எதுக்குங்க ஆராய்ச்சி? நாங்க ஆயிரத்தி இருநூறு அடி போட்டு வெறும் புகையைப் பார்த்தவங்க. எங்களைக் கேட்டா ஓசியில சொல்லியிருப்பமே."

"ஏன் இல்லைங்கறதுக்குத்தான்டா ஆராய்ச்சி."

அவள் சொன்னது சரிதான். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை இஞ்சினியர் அளந்து எழுதிவிடுவார். அந்தத் தண்ணீர் யார் காட்டுக்கு முதலில் போகிறது, ஏன் போகிறது என்பதைப் பேராசிரியர் ஜெயப்பிரியாதான் எழுத வேண்டும். சேலத்தில் ஒரு தனியார் ஆய்வு மையத்தின் தலைவி அவர். இந்தச் சீமையின் ஏரிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். தேர்தல், சொந்தபந்தம், மழை, கல்யாணம், கும்மிப்பாட்டு, எல்லாம் அதில் உண்டு.

பனமரத்துப்பட்டி தாண்டி வேலாங்காடு என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற பூவாத்தாள் என்ற அம்மாள் அந்தப் புத்தகத்துக்காக ரெக்கார்டர் முன்னால் மனம் விட்டுப் பேசியிருந்தார். பேர் வெளியே வராது என்று ஜெயப்பிரியா கையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் பேசினார். சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாததற்காகத் தம்பி தங்கசாமி தன் கல்யாணத்தில் அவரை அவமானப்படுத்தியது. இரண்டாவது, அதே தங்கசாமி இன்று ஊரில் பெரிய கட்சிக்காரர் ஆகி, விவசாயிகளுக்கு வண்டல் எடுக்கக் கிடைத்த அனுமதியை வைத்து, ஏரி மண்ணை டிப்பர் டிப்பராகச் செங்கல் சூளைக்கு விற்றுக்கொண்டிருப்பது.

போன வாரம் பூவாத்தாள் ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்தார். "எந்தம்பி வந்து மானக்கேடாப் பேசிட்டுப் போயிட்டானுங்க. நான் உங்ககிட்டப் பேசினது தெரிஞ்சு போச்சு" என்று அழுதுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ஜெயப்பிரியா தமிழினியைத் தேடி வந்தார்.

அந்தப் பதிவைக் கேட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஜெயப்பிரியா ஒன்று. அதைக் கேட்டு டைப் செய்த கௌசிக் இன்னொன்று. இன்று பிற்பகல் ஆய்வு மையத்தில் கமிட்டி கூடுகிறது. தமிழினி ஆதாரம் கொடுத்தால் கௌசிக்கின் ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகமும் அவனை வாசலில் சேர்க்காது.

"ரெண்டு பேருல ஒருத்தன்னா, இதுக்கு எதுக்குங்க துப்பறியறது? பூவா தலையா போட்டாப் போதுமே" என்றான் குணசீலன்.

"காசைச் சுண்டிக் கமிட்டிக்குக் காட்ட முடியாது. தங்கசாமி வாயாலேயே வரணும், கௌசிக்தான் சொன்னான்னு."

"அவரு எதுக்குங்க நம்மகிட்டச் சொல்றாரு?"

தமிழினி சிரித்தாள். "அவருக்குக் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கு."

தங்கசாமி வீடு ஏரிக்கரைக்குக் கீழே, புதுசாக மாடி எடுத்த வீடு. மாப்பிள்ளை வீட்டார் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் நாற்காலிகள் தாமாக வந்து சேர்ந்தன. தங்கசாமியின் மனைவி உள்ளே ஓடிப் போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டில் முறுக்கு வந்தது. பெண்ணைப் பெற்றவளின் அந்த அவசரத்தைப் பார்க்கத் தமிழினிக்குக் கொஞ்சம் உறுத்தியது. முறுக்கை எடுக்கவில்லை. குணசீலன் இரண்டு எடுத்தான்.

"மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்றார் தங்கசாமி. வெள்ளை வேட்டி, கட்சிக்கரைத் துண்டு, ஆனாலும் குரலில் அதிகாரம் இல்லை. களைத்த மனிதராகத்தான் தெரிந்தார்.

"திருச்செங்கோடுங்க. ரிக் வெச்சிருக்காங்க" என்றான் குணசீலன்.

"எத்தனை வண்டிங்க?"

"ரெண்டு இங்க ஓடுது. ஒண்ணு ஆப்பிரிக்காவுல நிக்குதுங்க. டிரைவரு அங்கேயே பொண்ணு பார்த்துட்டான்."

தங்கசாமி சிரித்தார். இதுதான் சமயம் என்று தமிழினி உள்ளே நுழைந்தாள்.

"பொண்ணைப் பத்தி ஒரு குறையும் இல்லைங்க. உங்க வீட்டுல ஏதோ அக்கா தம்பி மனஸ்தாபம்னு மட்டும் அவங்க காதுக்கு வந்திருக்கு."

தங்கசாமியின் சிரிப்பு நின்றது. "அதுக்குள்ள திருச்செங்கோடு வரைக்கும் போயிருச்சுங்களா?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்துன சங்கதிங்க. எங்கல்யாணத்தப்ப அக்காளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணிப் போட்டேன். கூடப் பொறந்தவ பட்டுக் கட்டிட்டு வந்து முன்னால உக்காந்திருக்கறா, நான் சித்தப்பன் மகளைக் கூப்பிட்டு இணைச்சீரு செய்ய வெச்சுட்டேன்."

கொங்குச் சீமைக் கல்யாணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்கு: மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் உட்கார்ந்து செய்கிற சீர் அது. சகோதரி இல்லாதவனுக்குத்தான் ஒன்றுவிட்டவள் வருவாள். சகோதரி சபையில் இருக்கும்போதே வேறொருத்தியை உட்கார வைப்பது, மண்டபம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் அவள் கன்னத்தில் அறைகிற மாதிரி.

"இப்ப என்னடான்னா ஊரே அதைப் பேசிச் சிரிக்குது" என்றார் தங்கசாமி. "எஞ்சம்சாரம் ஒரு காதுகுத்துக்குப் போக முடியலை. ஆத்திரத்துல போயி அக்காளைச் சத்தம் போட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கலைங்க. செஞ்சவன் நானு, சொன்னவ மேல பாய்ஞ்சா எப்படி? எம்மக கல்யாணத்துல அத்தனை சீருக்கும் அக்காளைத்தான் முன்னால நிறுத்தோணும்னு இவகிட்டச் சொல்லிட்டிருந்தேன். ஏனு, சொன்னனா இல்லியா?"

வாசல்படியில் நின்ற மனைவி தலையை ஆட்டினாள்.

இங்கே தமிழினி நிறுத்தியிருக்கலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். குணசீலன் இருமினான். அது முறுக்கு இருமல் இல்லை. அவளுக்கோ கமிட்டிக்கு நேரமாகிறது. கல்யாணக் கதையைச் சொல்லி ஆள் மழுப்புகிறார், பெரிய விஷயத்தை மறைக்கிறார் என்றே நினைத்தாள். தூண்டிலைப் போட்டாள்.

"இணைச்சீர் கிடக்கட்டுங்க. ஏரி மண்ணு விக்கறதை உங்க அக்கா சொன்னதுதானே பெரிய பேச்சு? அதை உங்ககிட்ட வந்து சொன்னது யாருங்க? ஆராய்ச்சி பண்ற ஒரு பையனா?"

தங்கசாமி மோவாயைத் தடவினார். துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஏரி மண்ணா?" என்றார்.

தமிழினி குணசீலனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தம்மா மேடையில பேசின வீடியோவை நான் எத்தனையோ வாட்டி பார்த்துட்டனுங்க. அதுல மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எங்கக்கா அதையுமா சொல்லியிருக்கறா?"

"எந்த... எந்த வீடியோங்க?"

அவர் போனை எடுத்து நீட்டினார். நாமக்கல்லில் ஏதோ கருத்தரங்கு. மேடையில் ஜெயப்பிரியா. "செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம். ஊர் வேண்டாம்..." என்று ஆரம்பித்து, அக்கா தம்பி உறவுக்குள் நிலம் எப்படிப் பெண்ணைத் தண்டிக்கிறது என்று விளக்கி, பட்டுச் சேலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளை, பக்கத்தில் இன்னொருத்தி சீர் செய்ததை, உருக்கமாகச் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கேட்டவர்களில் யாரோ போனில் எடுத்து அனுப்பி, அது சொந்தக்காரர்கள் குரூப் குரூப்பாகச் சுற்றி வேலாங்காட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"காபி வேண்டாம்" என்றார் தங்கசாமி மனைவியைப் பார்த்து. பிறகு எழுந்து உள்ளே போனார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

காரில் ஏறிய பிறகும் குணசீலன் ஸ்டார்ட் செய்யவில்லை.

"அவரு கல்யாணத்துக்குத்தானுங்க கோபப்பட்டாரு மேடம். மண்ணுக்குப் படலை. அந்தப் பையன் சொல்லியிருந்தா முதல்ல மண்ணைத்தானுங்க சொல்லியிருப்பான். கல்யாணக் கதையில எவனுக்கு என்ன லாபம்?"

"தெரியுதுடா."

"இருமினனுங்களே."

"தெரியுதுன்னு சொல்றேன்ல!"

கல்யாண விசாரணையே தொழிலாக வைத்திருப்பவள் அவள். இந்தப் பக்கத்தில் பேரும் ஊரும் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கலாம், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும். அவளே அப்படி எத்தனை பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள்! உடன்பிறந்தவளை உட்கார வைத்துக்கொண்டு இன்னொருத்தி இணைச்சீர் செய்த கல்யாணம் இந்தச் சீமையில் இன்னொன்று நடந்திருக்குமா? பேரை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைத்தது ஜெயப்பிரியாவின் படிப்பு. தமிழினியின் கெட்டிக்காரத்தனமோ, தம்பிக்குத் தெரியாமல் இருந்த பாதியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. கௌசிக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது அவள். அதுவும் முறுக்கு வைத்து உபசரித்த வீட்டில், சம்பந்தம் பேச வந்தவள் என்று பொய் சொல்லி. கூசிப் போனாள் தமிழினி. சீட்டில் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏரிக்கரை மேலயே ஓட்டு. அவருக்கு முன்னாடி பூவாத்தாள் வீட்டுக்குப் போகணும்."

போகிற வழியில் ஜெயப்பிரியாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். 

"நான் பேரை மாத்திட்டேனே தமிழினி" என்றார் ஜெயப்பிரியா, சின்னக் குரலில். "ஊரையும் சொல்லலையே."

"கல்யாணத்தை மாத்தலையே மேடம்."

"அதை மாத்தினா அதுல என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அதை மாற்றினால் கைதட்டல் வந்திருக்காது. அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

"கமிட்டியில கௌசிக் பேரை எடுத்துடுங்க. கல்யாணத்தைச் சொன்னது நீங்க. மண்ணைச் சொன்னது நான். அப்படியே எழுதிக்குங்க."

பூவாத்தாள் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தமிழினி வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பொய்ச் சம்பந்தம், தூண்டில், தங்கசாமி துண்டை மடித்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. பூவாத்தாள் களை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எம்மவ கல்யாணத்துல முன்னால நிப்பீங்களான்னு நேத்து எந்தம்பி பொண்டாட்டி வந்து கேட்டுட்டுப் போனா" என்றார் கடைசியில். "இருபத்தஞ்சு வருசங் கழிச்சு. அதைக் கெடுத்துப் போட்டீங்களே அம்மிணி."

தமிழினி ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கார்ல ஏறுங்கக்கா. ரெண்டு நாளைக்குச் சேலத்துல..."

"நான் எதுக்கு ஓடோணும்? மண்ணை வித்தது அவன். ஊட்டேறிப் போயிச் சொன்னது நீங்க. நடுவுல நானா ஓடறது?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. தங்கசாமி இறங்கினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"சொன்னியாக்கா?"

தமிழினி முந்திக்கொண்டாள். "அவங்க ஒண்ணும் சொல்லலைங்க. நான்தான் வாய்க்கு வந்ததை..."

"சொன்னேன்" என்றார் பூவாத்தாள். "பார்த்ததைச் சொன்னேன். ஏரி குழியாக் கிடக்குது, கண்ணு இருக்கறவ என்னத்தைச் சொல்லுவா?"

தங்கசாமி அக்காவைப் பார்த்தார். பிறகு நடந்து போய், தன் கிணற்றிலிருந்து அந்த மரவள்ளிக் காட்டுக்கு வருகிற குழாயின் வால்வை மூடினார். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார். வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது.

"தாசில்தாரைப் பார்க்கலாங்கக்கா. ஜெயப்பிரியா மேடம் மூலமா ஏதாவது..."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாஞ் சாமி" என்றார் பூவாத்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த கௌசிக்குப் பையன் படிச்சுக் காட்டறப்ப எல்லாம் கேப்பான், இது இருக்கட்டுங்களா, எடுத்துரலாங்களான்னு. நான்தான் இருக்கட்டும்னேன். அவன் நல்லா இருக்கறானா?"

தமிழினி வரப்பில் நின்றபடியே குமரகுருவின் எண்ணை அழைத்தாள்.

"உங்க பையன் எந்தத் தப்பும் பண்ணலைங்க" என்றாள். "தப்பு என்னுது. கமிட்டிக்கும் சொல்லிட்டேன். அவன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்படிங்களா" என்றார் குமரகுரு.  "அவன் கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கறானுங்க. சோறு வேண்டாங்கறான். நான் போயிச் சொல்றேன்." ஆனால் போனை வைக்கவில்லை. "ஆனா, காலையில நீங்க பேசுனதைக் கேட்டது நான் மட்டும் இல்லீங்களே. மத்தவங்ககிட்ட நான் எப்படிங்க போயிச் சொல்றது? பெத்தவன் சொன்னா நம்புவாங்களா?"



"வாரேங்க" என்றாள். "நானே வாரேன்."

போனை வைத்துவிட்டுக் காருக்கு வந்தாள். அவள் சொன்னதும் குணசீலன் வண்டியைக் குமாரபாளையம் பக்கம் திருப்பினான்.  பனமரத்துப்பட்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்.

"அங்க போயி என்னங்க சொல்லப் போறீங்க?"

"நான் சொன்னது பொய்யி, அவன் நல்ல பையன்னு."

"அவங்க அப்பாகிட்டயா?"

"இல்ல. தறியெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு, எல்லாரும் வாசலுக்கு வந்தப்புறம். காலையில கத்தினதை விடச் சத்தமா."